நாலாவது மலையிலிருந்து புளியந்தோப்புக்கு

(செஞ்சிக் கோட்டையைச் சுற்றி நடக்கக் கிளம்புமுன் மாணவர்களிடமும் தோழர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

செஞ்சியில மலை எத்தனை? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூணு என்பீர்கள். சந்திரகிரிக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு சின்ன மலை இருக்கிறது. பழைய வரலாற்று நூல்களில் அதற்குப் பேர் சக்கிலிதுர்க்கம். அருந்ததிய மக்களை இழிவாகக் கூப்பிட்ட பேர்தான். ஆனாலும் அந்தப் பேர் ஒரு சாட்சி.

1690களில் இந்த ஊர் மராட்டியத் தலைநகரம். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்து ஆண்டான். முகலாயப் படை ஏறக்குறைய எட்டு வருசம் முற்றுகை போட்டு 1698இல் பிடித்தது. 2025இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் 12ஐ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். பெருமைதான். யாருக்குப் பெருமை?

சேணம் தைச்சது யார்? முரசுக்குத் தோல் கட்டினது யார்? 800 அடி உசர ராஜகிரிக்குக் கல்லையும் நெல்லையும் ஏத்தினது யார் தோள்? தேசிங்குராஜன் கதைப்பாட்டில் குதிரைக்குக்கூட நீலவேணி என்று பேர் உண்டு. சேணம் தைச்சவனுக்குப் பேர் இல்லை.

இன்றைய தலைநகரத்திலும் கதை இதுதான். சென்னையில் மரபு நடை என்று கோட்டையையும் கோயிலையும் காட்டுறாங்க. நம்ம தோழர்கள் தொழிலாளர் வரலாற்றைக் காட்டுறாங்க. நல்லது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரையில் நிற்கணும். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பிறப்பித்த பெரம்பூர் ஆலைப் பகுதிக்கும் போகணும்.

ஆனால் நடை அங்கேயே முடிஞ்சிடக் கூடாது. பக்கத்தில் புளியந்தோப்பு. 1921இல் பி அண்ட் சி ஆலையில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளிகள் பெரும்பாலோர் அதில் நிற்கவில்லை. எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் பேசினார். திரு.வி.க. சங்கத்தின் பக்கம் நின்றார். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தாங்க.

சேரிக்காரனைக் 'கருங்காலி' என்று ஒரே சொல்லில் முடிச்சிட்டாங்க. வெள்ளைக்கார முதலாளி பிளவைப் பயன்படுத்திக்கிட்டான், உண்மை. ஆனால் பிளவை அவன் புதுசா உண்டாக்கலை. ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடந்தவர்கள்தான் ஒரே ஆலைக்குள் போனார்கள். ஆலைக்குள்ளே ஒரே சங்கு. வெளியே தண்ணி வேற, தெரு வேற. சேரிக்காரன் ஏன் சங்கத்தை நம்பலை என்று கேட்காத வர்க்க வரலாறு பாதி வரலாறுதான். அந்தப் பாதியை மறைச்சு வச்சிட்டு ஒற்றுமை பேசினால், ஒற்றுமை வராது.

1996இல் ஆலை மூடியாச்சு. அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பிடுச்சு. கூவம் கரையில் இருந்தவங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கிப் போட்டாங்க. தலைநகரைக் கட்டினவங்க தலைநகருக்கு வெளியே. சென்னையில் நாம் நடக்கும் நடை அங்கே போய்தான் முடியணும்.

இங்கே இன்றைக்கு ஒரு வேலை. நோட்டுப் புத்தகம் எல்லார் கையிலும் இருக்கட்டும். ராஜாக்கள் பேரை எழுத வேண்டாம், அது பலகையிலேயே இருக்கு. கோட்டையைச் சுத்திக் குடியிருக்கிற வயசான அம்மாக்களிடம் உட்காருங்கள். கல் உடைச்சது யார், குளம் தூர் வாரினது யார், எந்தத் தெருவழியே நம்மை விடலை என்று கேளுங்கள். சொல்றதை அப்படியே, அவங்க பேச்சிலேயே எழுதிக்குங்க. கிளம்புவோம்.