மாட்டுக்குப் போடும் விஷம்

குற்றாலத்தில் சாரல் கட்டினால் தென்காசி வட்டாரமே குளிர்கிறது. ஆனால் அந்த ஈரக்காற்று நம் வீட்டுத் தீவனச் சாக்குக்குள்ளும் புகுகிறது. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் பூசணம் பூக்கிறது. “மனுசனுக்கு ஆகாது, மாட்டுக்குப் போடு” என்கிறோம். இந்தப் பழக்கம் ஆபத்தானது.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. விஞ்ஞானிகள் காரணம் தேடினார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் ஒரு பூசணம் விஷம் கக்கியிருந்தது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். அது ஈரலைக் கெடுப்பது, புற்றுநோய் உண்டாக்குவது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேர் மாண்டார்கள். அவர்கள் யார்? நம்மைப் போன்ற ஏழைகள்!

மாடு தின்ற விஷம் மாட்டோடு நிற்பதில்லை. அதில் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் போகாது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் பாலைச் சோதித்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் இந்த விஷம் வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கையில் நாட்டிலேயே இதுதான் அதிகம்.

எண்ணெய் ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சொத்தைக் கடலையையும் பூசணக் கடலையையும் செக்கில் கொட்டினால், விஷத்தின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கும். அந்தப் புண்ணாக்கை வாங்குபவன் யார்? கடன் வாங்கி ஒற்றை மாடு வளர்க்கும் கூலிக்காரன்!

நாம் செய்யக்கூடியது என்ன? அறுத்த கடலையையும் சோளத்தையும் நன்றாகக் காயவைத்த பிறகே சாக்கில் கட்டுங்கள். சாக்கைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், பலகைமேல் அடுக்குங்கள். சாரல் மாதங்களில் கொஞ்சங் கொஞ்சமாக வாங்குங்கள். முதலில் வாங்கியதை முதலில் தீர்த்துவிடுங்கள். பூசணம் பூத்ததை மாட்டுக்கும் போடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைத்தாலும் உள்ளே இறங்கிய விஷம் போகாது.

ஆனால் பூசணம் கண்ணுக்குத் தெரியாத புண்ணாக்கிலும் விஷம் இருக்கலாம். அதைச் சோதனைக்கூடம்தான் காட்டும். அந்தச் செலவைக் கூலிக்காரன் தலையில் கட்ட முடியுமா? ஆலையிலும் கிடங்கிலும் சோதித்த தீவனமே கடைக்கு வர வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் தீவனத்தைச் சோதித்துத் தர வேண்டும். மூட்டை கெட்டுப்போனால் நஷ்டத்தை விற்றவன் ஏற்க வேண்டும். தனியாகக் கேட்டால் எவனும் காதில் வாங்கமாட்டான். சங்கமாய்ச் சேர்ந்து கேளுங்கள், தோழர்களே! அந்தப் பாலைக் குடிப்பது நம் குழந்தைகள்.