கர்ப்ப காலமும் வெயில் வேலையும்
(உப்பளத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய சுகாதாரப் பேச்சு)



குடும்ப நலம் என்றதும், "ரெண்டு பிள்ளை போதும்னு சொல்ல வந்திருக்காக" என்று நினைத்திருப்பீர்கள். இன்று அதைப் பேச வரவில்லை. ஆசைப்பட்டு உண்டான பிள்ளை வயிற்றில் தங்காமல் போகிறதே, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அளத்து வேலைக்குப் போகும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. "இவ ராசி அப்படி" என்றார் மாமியார். புருஷன் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணைத் தனியே விசாரித்தேன். சித்திரை வெயிலில் உப்புப் பெட்டி சுமந்திருக்கிறாள். காலையில் குடித்த ஒரு செம்பு தண்ணீரோடு சரி. "ஏம்மா, தண்ணி குடிக்கலையா?" என்றேன். "குடிச்சா ஒதுங்க மறைவு இல்லையே" என்றாள்.

வெயில்தான் காரணம் என்று அவள் விஷயத்தில் நான் அடித்துச் சொல்ல முடியாது. கரு கலையப் பல காரணங்கள் உண்டு. ஆனால் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நம் தமிழ்நாட்டிலேயே 800 கர்ப்பிணிகளைக் கவனித்து, 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவதும், குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அதில் தெரிந்தது. இதிலே ராசி எங்கே வந்தது?

உடம்பின் உஷ்ணம் சுமார் 37 டிகிரி செல்சியசில் நிற்க வேண்டும். வெயிலில் உழைத்தால், சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் பாய்கிறது; வியர்வை கொட்டுகிறது. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகவேண்டிய இரத்தம் அந்த அளவுக்குக் குறையக்கூடும். உடம்பில் நீர் வற்றினால் கர்ப்பப்பை முன்கூட்டியே இறுகி வலி எடுக்கவும் கூடும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சட்டென்று காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. போதாததற்குக் கீழே கிடக்கும் உப்பு வேறு வெயிலைத் திருப்பி முகத்திலே அடிக்கிறது.

"எங்க அம்மா எல்லாம் இப்படித்தானே வேலை பார்த்தாக?" என்று கேட்பீர்கள். அந்த வெயில் வேறு, அண்ணாச்சி. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகை வானத்தில் போர்வை போலச் சேர்ந்து பூமி சூடாகிவிட்டது. 1901 முதல் எடுத்த கணக்கில் நம் நாட்டுக்கு 2024-தான் அதிகச் சூடான வருஷம். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசும் அதே 2024-இல் அறிவித்தது.

அண்ணாச்சிமார்களே, இனி உங்களிடம்தான் பேச்சு. மனைவி உண்டானது தெரிந்ததும் கங்காணியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பெட்டி சுமக்கும் வேலை வேண்டாம். பத்து மணிக்குள் முடிகிற வேலையாகக் கேளுங்கள். ஓலைக் கொட்டகையும் குடிதண்ணீரும் சலுகை இல்லை, அவை இல்லாமல் வேலையே இல்லை என்று நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். ஒதுங்குவதற்கு நாலு கம்பு நட்டுப் படுதா கட்ட எவ்வளவு நேரமாகும்? அந்த மறைவு இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பார்கள், நீர்க்கடுப்பும் குறையும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். அதிகம் வியர்க்கிற நாளில் நீர்மோரோ, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் கரைத்த உப்புச் சர்க்கரைக் கரைசலோ நல்லது. இரத்த அழுத்தம் இருக்கிற கர்ப்பிணிகள் மட்டும் செவிலியரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

உப்பு சீசன் தொடங்கும் முதல் வாரம் இன்னும் மோசம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால் முதல் நாளே முழு வேலை கூடாது. இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். உங்களிடம் இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு: சாயங்காலம் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது. நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

வேலை நடுவே யாராவது தலைசுற்றி, பேச்சுக் குழறி விழுந்தால், "மயக்கம்தான், தெளிஞ்சிரும்" என்று விடாதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு நிழலுக்குத் தூக்குங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். கர்ப்பிணிக்கு அடிவயிறு இறுகினாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"கூலி போனா யார் தருவா?" என்பது நியாயமான கேள்வி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் அதற்காகவும்தான் இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக ரூ.18,000 மதிப்பில் உதவி உண்டு. பன்னிரண்டு வாரத்துக்குள் பெயர் பதிய வேண்டும். "நாலு மாசம் ஆகட்டும், இப்பவே வெளியே சொன்னா கண்ணு படும்" என்று மறைத்து வைக்கிறீர்களே, அதில்தான் பாதிப் பேருக்குத் தவணை தள்ளிப்போகிறது.

கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டோடு அதோ திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். நாள் தள்ளிப்போனவர்கள் இப்போதே போய்ப் பெயரைக் கொடுங்கள். அண்ணாச்சிமார்களும் கூடவே போங்கள். எந்த நேரம் வேலை, என்ன சுமை என்று அவர் கேட்பார்.