மனு போட்ட நாளிலிருந்துதான் கணக்கு

(ஆண்டுக் கூட்டத்தில் ஆரம்பாக்கம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஜீவனாம்சம் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் சட்டம் படிச்சவள் இல்லை. கோர்ட்டுக்கு நடந்து நடந்து கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போனப்போ பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலு. நாலு பேர் உட்கார்ந்து பேசி முப்பதாயிரம் வாங்கிக் கொடுத்தாங்க. "இனி எதுவும் கேட்க மாட்டேன்"னு பத்திரத்துல கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மூணு வருஷம், ஜூன் மாசம் வந்தாலே குழுவுல உள்கடன். ஒரு நாள் எங்க ஊக்குநர் அக்கா நோட்டைப் புரட்டிட்டு, "ஏம்மா, மூணு கடனும் ஸ்கூல் ஃபீஸுக்குத்தானே? இது அவங்க அப்பா கட்ட வேண்டியதாச்சே, நீ ஏன் வட்டி கட்டுறே?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிச்சு.

வக்கீல் முதல்ல சொன்னது: பிள்ளைகளுடைய உரிமையை அம்மா எழுதிக் கொடுத்துவிட முடியாது. நான் போட்ட கையெழுத்து அவங்களைக் கட்டாது.

இந்த உரிமை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-ஆவது பிரிவு. விவாகரத்து ஆகியிருந்தாலும், மறுமணம் செய்யாத வரை மனைவி கேட்கலாம். எந்த மதமானாலும் கேட்கலாம்.

2020 நவம்பர் 4 அன்று, ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் பிரிந்த அந்தப் பெண் 2013-இல் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டார். அது உச்ச நீதிமன்றத்தில் முடிய ஏழு வருஷம் ஆனது. நீதிபதிகள் சொன்னது இரண்டு முக்கிய விஷயம். கணவன், மனைவி இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும்.

இதுலதான் நான் ஏமாந்தேன். எனக்கும் மனு போட்ட தேதியிலிருந்துதான் கிடைச்சது. அதுக்கு முந்தின மூணு வருஷம் போனது போனதுதான். அந்த உள்கடனை நானே அடைச்சேன்.

நம்ம பக்கம் வழக்கமா வர்ற பதில் மூணு. "கம்பெனியில காண்ட்ராக்ட் வேலை போச்சு, வருமானம் இல்லை." உடம்பு நல்லா இருக்கிற கணவன் கூலி வேலை செஞ்சாவது காப்பாத்தணும்னு உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கு. "அவ குழுவுல இருக்கா, தையல் தைக்கிறா." சின்ன வருமானம் இருப்பதாலேயே உரிமை போகாது, தொகை முடிவு செய்யும்போது அதைப் பார்ப்பாங்க. குழுக் கடன் வருமானமே இல்லை, திருப்பிக் கட்டுற பணம்.

மூணாவது, பார்டர் தாண்டி ஆந்திராவுல தடா பக்கம் வேலைக்குப் போயிடறது. பயப்படாதீங்க. நாம குடியிருக்கிற இடத்துக்குரிய கோர்ட்டிலேயே மனு போடலாம். அவர் எங்கே இருக்காரோ அந்த ஊர் மாஜிஸ்திரேட் மூலமாவும் உத்தரவை நிறைவேத்தலாம்.

உத்தரவு வந்தும் பணம் நின்னா சும்மா இருக்காதீங்க. பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள வாரண்ட் கேட்டு மனு போடணும். விட்டா அந்தப் பாக்கியை இந்த வழியில வசூலிக்க முடியாது.

வக்கீலுக்குக் காசில்லைன்னு யாரும் நிக்க வேண்டாம். 1987-ஆம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் போடுங்க. ஃபீஸ் ரசீது, மருந்துச் சீட்டு, கல்யாணப் போட்டோ, பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ், அவர் வேலை செய்யும் இடத்து விவரம், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வைங்க.

கடைசியா ஒரு கோரிக்கை. கணவன் இல்லாம தனியா இருக்கிற தங்கச்சி ஃபீஸுக்கு உள்கடன் கேட்டா, கடனைக் கொடுங்க. கூடவே, "மனு போட்டியா?"ன்னு கேளுங்க. போடலைன்னா, ரெண்டு பேர் கூடப் போங்க. எனக்கு அப்படி வந்தாங்க.