நிறுத்து இடும் மருந்து



அமெரிக்க நாட்டில் வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளரும் பலர், தம் ரைபிளுக்கு வேண்டிய தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் பயன்படுத்துகின்றனர். செலவு குறைகின்றது, தத்தம் துப்பாக்கிக்கு இசைந்த தோட்டாவும் கிடைக்கின்றது. ஆனால், பிழை நேர்ந்தால் வெடிப்பது இலக்கினிடத்து அன்று. சுடுவோர் கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில்!

முற்காலத்தில் கருமருந்தைக் கரண்டியால் முகந்து கூடு நிறையப் பெய்தனர். 1884-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான பால் வியேல் புகையற்ற மருந்தொன்றை உருவாக்கினார். அவ்வகை மருந்துகளுள் பல, சிறிதளவிலேயே பேராற்றல் உடையவை. அவற்றையும் பழைய கரண்டியாலேயே முகந்தவர்களின் துப்பாக்கிகள் பிளந்தன. எனவே, நிறுத்துப் பார்த்தல் இன்றியமையாததாயிற்று.

இதற்குரிய நிறையைக் ‘கிரெய்ன்’ என்பர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் பொற்கொல்லர் பொன் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறக்குறைய 2 கிரெய்ன் எனலாம். தோட்டா நிரப்புவோரோ ஒரு கிரெய்னின் பத்தில் ஒரு பங்கையும் கணக்கிடுகின்றனர்.

இத்துணை நுட்பம் ஏன்? அழுத்தம் ஏற ஏற இம்மருந்து மேலும் விரைந்து எரியும். விரைந்து எரிய எரிய அழுத்தம் மேலும் ஏறும். ஆகவே, சிறிது கூட்டினால் சிறிதுதான் மிகும் என்று எண்ணுதல் தவறு. 1906-இல் அமெரிக்கப் படை ஏற்ற ரைபிள் தோட்டாவுக்கு இன்று அந்நாட்டுத் தொழில்துறை வகுத்துள்ள உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மோட்டார் காரின் சக்கரக் காற்றழுத்தத்தைப் போல் அஃது ஏறத்தாழ 2,000 மடங்காகும்.

ஆதலின், அறிந்தோர் கருவிகளால் அழுத்தத்தை அளந்து வெளியிட்ட கையேடே வழிகாட்டி. அதில் கண்ட தொடக்க அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறுதல் வேண்டும். உச்ச அளவைக் கடத்தலாகாது. குண்டோ கூடோ கேப்போ மாறின், மீண்டும் தொடக்க அளவுக்கே இறங்குதல் வேண்டும். மேசைமீது ஒரே வகை மருந்துதான் இருத்தல் வேண்டும். கேப்பு தட்டையாதல், சுட்ட கூடு எளிதில் வெளிவாராமை ஆகியன எச்சரிக்கைகள். எனினும் அவை தோன்றும்போதே எல்லை கடந்திருத்தல் கூடும்; அவை தோன்றாமையும் காப்புறுதியன்று.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றமாகும். எனவே இத்தொழில் நம்மில் மிகப் பலருக்கு உரியதன்று. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் நமக்கும் உரியது. கைப்பழக்கத்தை நம்பாது ஒவ்வொரு முறையும் துலாக்கோலை நோக்குபவரே அங்குப் பிழைத்திருக்கின்றார். மருந்துக் குப்பியாயினும் மின்கம்பியாயினும், நாமும் அவ்வாறே நிறுத்தும் அளந்தும் கையாள்வோமாக.