நிலையான ஓர் இல்லம்
(ஜூபிலி ஆண்டுத் தொடக்க விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஜூபிலியின் நினைவாக, வீடற்றோருக்கு நிலையான தங்கும் இல்லம் ஒன்றை நம் பங்கே நடத்த வேண்டுமென்று பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. இப்போது மழைக்காலத்தில் பள்ளி வராந்தாவைத் திறந்துவிடுகிறோம். இடமின்றி அலைந்த திருக்குடும்பத்தை நினைத்து டிசம்பரில் குடிலும் கட்டுகிறோம். மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் குடிலைப் பிரித்துப் பரணில் ஏற்றிவிடுகிறோம். வராந்தாவில் படுத்தவர்களும் மீண்டும் பேருந்து நிலையத்துக்கே போய்விடுகிறார்கள்.

"இது அரசாங்கத்தின் வேலையல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வீதம் அமைக்க வேண்டுமென்று 2010-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்குவதும் நம் கடமையே. ஆனால் நம் கோவில் வாசலில் படுத்திருப்பவரிடம் அந்த உத்தரவைக் காட்டி அனுப்பிவிட முடியுமா?

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். இறை ஊழியர் டாரத்தி டே அம்மையார் 1933-இல் பீட்டர் மௌரின் என்பவருடன் சேர்ந்து நியூயார்க் நகரில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். விலை ஒரு சென்ட். அதன் வாசகர்கள் அனுப்பிய சிறு காணிக்கைகளே அவர் நடத்திய வீடற்றோர் இல்லத்தைத் தாங்கின. 1956-இல், தீத்தடுப்பு விதிகள் நிறைவேற்றப்படவில்லையென்று நீதிமன்றம் 250 டாலர் அபராதம் விதித்தது. அம்மையார் நீதிமன்றத்துக்குப் புறப்படும்போது, வாசலில் கசங்கிய உடையோடு நின்ற ஒருவர் ஒரு காசோலையைக் கையில் கொடுத்தார். பிறகு பார்த்தால், தொகை சரியாக 250 டாலர். கொடுத்தவர் புகழ்பெற்ற கவிஞர் ஆடன்!

இதைக் கேட்டதும் நம் மனம் கவிஞரிடமே நின்றுவிடும். நாம் கவனிக்க வேண்டியதோ அபராதத்தை. சுவரும் கூரையும் இருந்தும் அந்த இல்லம் மூடப்படும் நிலைக்கு வந்தது. நமக்கும் தீயணைப்புக் கருவி வேண்டும், பெண்களுக்குத் தனி அறை வேண்டும், கழிப்பறை, தண்ணீர், மின்கட்டணம், இரவுக் காவலர் சம்பளம், விரிப்புத் துவைக்கும் கூலி எல்லாம் வேண்டும். இவற்றைக் கொடுப்பவர் பெயர் கல்வெட்டில் ஏறாது. மின்விசிறி வாங்கிக் கொடுத்து மூன்று இறக்கையிலும் குடும்பப் பெயர் எழுதுகிறவர்கள் நாம். (சிரிக்க வேண்டாம், அண்ணாந்து பாருங்கள்.)

ஆகவே கட்டட நிதிக்கு முன்பே மாத நிதிக்கு நோட்டுத் திறக்கிறோம். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் வின்சென்ட் தே பவுல் சபையினர் கொடிமரத்தடியில் மேசை போட்டிருப்பார்கள். பெரிய தொகை வேண்டாம். பன்னிரண்டு மாதமும் தவறாமல் கொடுக்கக்கூடியதை எழுதுங்கள். வரவு செலவு மாதந்தோறும் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணம் எழுத இயலாதவர்கள் மாதத்தில் ஓர் இரவு இல்லத்தில் துணையிருக்கப் பெயர் கொடுக்கலாம். அதற்கும் அதே நோட்டில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.