அயர்லாந்து வரலாறும் நம் எல்லையூர்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று அவ்வழக்கினின்று சற்றே விலகி, அயர்லாந்து நாட்டின் அரசியல் வன்முறையைக் கதைபோல் விரித்துக் கூறும் உண்மை வரலாற்று நூல்களை நாம் எவ்வாறு படித்தல் வேண்டும் என்பது குறித்துச் சில கருத்துகளைக் கூற விழைகின்றோம். பாறசாலை, நெய்யாற்றங்கரை முதலிய எல்லையூர்களில் பிறந்து, பிழைப்பை நாடி வந்து இக்காலனியில் குடியேறியவர்கள் நாம். மேற்குக் கடலில் எங்கோ கிடக்கும் ஒரு தீவின் இரத்தக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

அன்பர்களே! அயர்லாந்தின் வரலாற்றை இந்தியர் படிக்கத் தொடங்கியது நேற்று அன்று. டான் பிரீன் என்னும் போராளி தம் போராட்ட நினைவுகளை எழுதி 1924ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நூல் வங்காளத்துப் புரட்சியாளரின் கைகளில் மறைவாக உலவியது. 1930 ஏப்ரல் 18ஆம் நாள் சூரியா சென்னும் அவர்தம் தோழரும் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கினர். அது பெரிய வெள்ளிக்கிழமை. 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் டப்ளின் நகரில் நிகழ்ந்த எழுச்சியே அவர்களுக்கு முன்மாதிரி. தம் படைக்கு அவர்கள் இட்ட பெயரும் அயர்லாந்துக் குடியரசுப் படையின் பெயரைத் தழுவியதே. அடிமைப்பட்ட நாட்டில் வீரம் பெறுவதற்காக வரலாறு படித்தவர்கள் அவர்கள். அஃது இயல்பே.

ஆயினும், வீரம் பெறுவதற்காக மட்டும் படிப்போமானால் பாதி உண்மையே நம் கைக்கு எட்டும். 1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுடப்பட்ட கலெக்டர் ஆஷ் யார்? அவர் அயர்லாந்துக்காரர். சுட்ட வாஞ்சியின் ஊராகிய செங்கோட்டையோ அக்காலத்தில் நம் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்ட ஒரு நாட்டின் மகன், அதே ஆங்கில ஆட்சியின் அதிகாரியாகப் பிறிதொரு நாட்டை ஆள வந்து, அங்கே மாண்டான். ஒடுக்கப்பட்டவர், ஒடுக்குவோர் என்று மக்களை இரண்டு வரிசையில் நிறுத்திவிட்டு வரலாற்றைப் படிக்க இயலாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

அயர்லாந்து நூல்களில் நம்மை உலுக்கும் பகுதி ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டு டிசம்பரில் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அதனை ஏற்றவரும் மறுத்தவரும் 1922ஆம் ஆண்டில் தமக்குள்ளே போர் தொடுத்தனர். கெவின் ஓஹிகின்ஸ் என்பவர் புதிய அரசின் அமைச்சர். ரோரி ஓகானர் என்பவர் எதிரணித் தலைவர். 1921 அக்டோபரில் ஓஹிகின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக உடன் நின்றவர் இந்த ஓகானரே. 1922 டிசம்பர் 8ஆம் நாள் அவரைச் சுட்டுக் கொல்லுமாறு அரசு ஆணையிட்டபோது, அதற்கு இசைந்த அமைச்சருள் ஓஹிகின்ஸும் ஒருவர். 1927 சூலை 10ஆம் நாள் ஓஹிகின்ஸும் சுட்டுக் கொல்லப்பட்டார். நேற்று ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள், ஆட்சி கைக்கு வந்ததும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர்.

இதனைப் படிக்கும்போது நம் நெஞ்சம் நம் ஊர்ச் சாலைக்குத் திரும்பாமல் இருக்குமா?

1938ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி வேண்டி ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. அதன் தலைவர் பட்டம் தாணு பிள்ளை. ஆகஸ்டு மாத இறுதியில் தடையை மீறிச் சிறை புகுந்தவர் அவர். அம்மாதம் 31ஆம் நாள், நெய்யாற்றங்கரைத் தலைவர் என். கே. பத்மநாப பிள்ளை கைது செய்யப்பட்டதை அறிந்து மக்கள் திரண்டனர். அவர்கள் மீது குண்டு பாய்ந்தது. வீரராகவன் என்று இன்றும் போற்றப்படும் இராகவனும் வேறு சிலரும் மாண்டனர். அப்போது திவானாக ஆண்டவர் சர் சி. பி. இராமசாமி ஐயர், அவர் தமிழர்.

பதினாறு ஆண்டுகள் சென்றன. நாடு விடுதலை பெற்றது. மொழிவழி மாநிலக் கோரிக்கை எழுந்தது. மார்ஷல் நேசமணி முதலியோரின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ் வட்டங்களைத் தாய்த் தமிழகத்துடன் இணைக்கப் போராடியது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டனர், தமிழர் மாண்டனர். அப்போது திரு-கொச்சியின் முதலமைச்சர் யார்? அதே பட்டம் தாணு பிள்ளை. 1938இல் அரசின் அடக்குமுறையை எதிர்த்துச் சிறை சென்ற தலைவரின் ஆட்சியில், அதே நெடுஞ்சாலையில், நெய்யாற்றங்கரையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையும் மார்த்தாண்டத்தில், மீண்டும் துப்பாக்கி வெடித்தது. அவருடைய பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த இராம் மனோகர் லோகியா, தம் கட்சி அரசே ஆயினும் பதவி விலகி, நீதி விசாரணைக்கு வழிவிடல் வேண்டும் என்று கேட்டார். கட்சி இசையவில்லை.

ஆகவே அன்பர்களே, 1938இல் சுட்ட அரசின் தலைமையில் இருந்தவர் தமிழர். 1954இல் சுட்ட அரசின் தலைமையில் இருந்தவர் மலையாளி. குண்டுக்கு இரையானவர்களோ இருமுறையும் நம் எல்லை நாட்டு எளிய மக்கள். மொழிப் பகையை மட்டும் கொண்டு இவ்வரலாற்றை விளக்க முற்படுவோர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்களுக்கு விடை கூற விரும்பாத அதிகாரம் எம்மொழி பேசினும் ஒரே வழியில்தான் செல்லும்.

இனி, எல்லை பற்றி ஒன்று. அயர்லாந்து 1921இல் இரண்டாகப் பிரிந்தது. எல்லைக் கோட்டைத் திருத்துவதற்கென்று ஓர் ஆணையம் அமர்ந்தது. அதன் அறிக்கை 1925இல் பூட்டி வைக்கப்பட்டது, 1969இல்தான் வெளியாயிற்று. கோடு இருந்தபடியே நின்றது. கோட்டின் வடபால் உறங்கிக் கிடந்த மனக்குறை, 1969க்குப் பின் முப்பது ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1998ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பிறகே அமைதி வந்தது.

நம் நாட்டிலோ, பசல் அலி ஆணையத்தின் அறிக்கை 1955இல் யாவரும் படிக்க வெளிவந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றங்கரை வட்டமும், அதனுள் அடங்கிய பாறசாலையும் கேரளத்தில் நின்றன. நவம்பர் முதல் நாளை களியக்காவிளைக்குத் தெற்கே தாயகத்தோடு இணைந்த நாள் என்று கொண்டாடுகின்றனர். வடக்கே கேரளப் பிறவி நாள் என்று கொண்டாடுகின்றனர். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்த நம்மவர், இரண்டு விழாவிலும் முழு மனத்தோடு கலக்க இயலாமல் நின்றதுண்டு. எனினும் நம் கோட்டில் முள்வேலி எழவில்லை. கொள்வினையும் கொடுப்பினையும் இருபுறமும் தொடர்கின்றன. இது நாம் பெற்ற பேறு. இப்பேற்றைக் காப்பதற்கும் வரலாற்று உணர்வு வேண்டும்.

அயர்லாந்து நமக்குக் கற்பிக்கும் இரண்டு பாடங்களை இப்போது கூறுவோம்.

முதலாவது, உண்மையை மறைத்தால் புண் ஆறாது என்பது. 1972 சனவரி 30ஆம் நாள் டெரி நகரில் ஊர்வலம் சென்ற மக்கள் மீது பட்டாளத்தார் சுட்டதில் அன்றே 13 பேர் மாண்டனர். அவ்வாண்டே வெளிவந்த விசாரணை அறிக்கை பெரும்பாலும் பட்டாளத்தார் பக்கமே சாய்ந்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் ஓயவில்லை. 2010 சூன் மாதம் வெளிவந்த இரண்டாம் விசாரணை அறிக்கை, மாண்டவர்களால் எவருக்கும் ஆபத்து இருந்ததில்லை என்று தெளிவாக உரைத்தது. பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மை வெளிப்பட 38 ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது, நம்மவர் செய்ததையும் மறைத்தலாகாது என்பது. பேட்ரிக் ராடன் கீஃப் என்பவர் 2018இல் எழுதிய நூலின் பெயருக்கு ‘ஒன்றும் சொல்லாதே’ என்பது பொருள். பத்துக் குழந்தைகளின் தாயான ஜீன் மக்கான்வில் என்னும் கைம்பெண்ணை 1972 டிசம்பரில் விடுதலைப் படையினரே கடத்திக் கொன்றனர். உளவு சொன்னாள் என்பது குற்றச்சாட்டு. பிள்ளைகள் சிதறினர். அக்கம்பக்கத்தார் வாய் திறக்கவில்லை. 2003இல் ஒரு கடற்கரையில் எலும்புகள் கிடைத்தன. அயர்லாந்தின் விடுதலை வேட்கையை மதிப்போரும் படித்தே தீர வேண்டிய நூல் அது.

இவ்விரு பாடங்களையும் கேட்டு நாம் செய்யத்தக்கது யாது? அதற்கும் அயர்லாந்திலேயே வழி உண்டு. 1947 முதல் 1957 வரை அந்நாட்டு அரசு, விடுதலைப் போரில் ஈடுபட்டோரைத் தேடிச் சென்று 1,773 வாக்குமூலங்களை எழுதி வாங்கியது. அவை பெட்டிகளில் பாதுகாக்கப்பட்டு, 2003இல் யாவர்க்கும் திறக்கப்பட்டன. இன்று சிறந்த நூல்கள் பல அவற்றின் துணையால் எழுதப்படுகின்றன. அந்தப் பத்தாண்டும் நம் எல்லைப் போராட்டம் நடந்த பத்தாண்டும் ஒன்றே என்பதை எண்ணுங்கள். அங்கே எழுதினார்கள். இங்கே பேசினோம், பேச்சு காற்றோடு போயிற்று. 1954 ஆகஸ்டு 11இல் மாண்டவர் எத்தனை பேர் என்பதிலேயே இன்றும் நூலுக்கு நூல் கணக்கு மாறுபடுகின்றது. இறந்தவர்களை எண்ணிச் சொல்லவும் இயலாத சமுதாயம் அவர்களுக்கு எடுக்கும் விழா எத்தகையது?

1954இல் பத்து வயதுச் சிறுவர் இன்று எண்பதைக் கடந்த முதியவர். நம் வீடுகளில் பாட்டா என்றும் பாட்டி என்றும் அழைக்கப்படும் அவர்களிடம், அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது உட்கார்ந்து கேளுங்கள். கண்டதைத் தனியாகவும் கேட்டதைத் தனியாகவும் எழுதுங்கள். ஊர், நாள், பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழர் கூறுவதோடு நில்லாது, பக்கத்து வீட்டு மலையாளி முதியவர் கூறுவதையும், காவற்பணியில் இருந்தவர் குடும்பத்தார் கூறுவதையும் எழுதுங்கள். மார்த்தாண்டத்தை எழுதுவோர் நெய்யாற்றங்கரையையும் எழுதுங்கள். எழுதியதைக் கூறியவருக்கே படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பின் வையுங்கள். காக்க இயலாத வாக்குறுதி எதுவும் கொடாதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி ஒன்றில், இறக்கும்வரை வெளியிடோம் என்று கூறிப் போராளிகளின் பேச்சைப் பதிவு செய்தனர். பின்னர் நீதிமன்றத்தின் வழியே காவல்துறை அவற்றுட் சிலவற்றைப் பெற்றுவிட்டது. பேசியவர்கள் அல்லலுற்றனர்.

இவ்வாறு எழுதப்படும் ஏடுகளைச் சங்க நூலகத்தில் ஒரு பேழையில் வைப்போம். பழைய பகையை மூட்டுவதற்காக அன்று. அடுத்த தலைமுறை எவர் சொல்லையும் கண்மூடி ஏற்காதிருப்பதற்காக. அயர்லாந்து நூல்களைப் படித்த பயன் நமக்கு அதுவே.