மேலே ஏறின வருஷம்

(ஜனவரியில் நம் சங்கத்தின் சார்பில் ஜவ்வாது மலைக்குச் சென்ற குடும்பச் சுற்றுலாவின் இரண்டாம் நாள் காலை, ஜமுனாமரத்தூரில் நம் பி பிளாக் குடியிருப்பாளரும் ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநருமான உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். சுற்றுலாவுக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



டிபன் முடிந்த கையோடு பேசச் சொன்னால் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள் என்று செயலாளரிடம் சொன்னேன். "நேற்று ராத்திரி காவலூர் போய் நட்சத்திரம் பார்த்தவர்கள் எப்படியும் தூங்கத்தான் போகிறார்கள், நீங்கள் பேசுங்கள் சார்" என்றார். சரி, தூங்குபவர்கள் தூங்கலாம். அடுத்த மாதப் பொதுக்குழுவில் கை தூக்கப்போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் விழித்திருந்தால் போதும்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் குடியிருப்பின் 15 வயதுக்கு உட்பட்ட கால்பந்து அணி, அக்கம்பக்கத்து அபார்ட்மெண்டுகளுக்கு இடையே நடந்த போட்டியில் கோப்பை வாங்கிவிட்டது. அந்தக் கோப்பை இப்போது கிளப் ஹவுஸில் வாட்டர் ப்யூரிஃபையருக்கு மேலே இருக்கிறது. வருகிற சீசனில் இவர்களை நகர லீக்கில் சேர்க்கலாம், அகாடமிப் பிள்ளைகளோடு ஆடட்டும் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. என் பேரன் அந்த அணியில் ரைட் பேக். ஆகவே நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு படி மேலே ஏறினால் என்ன நடக்கும் என்பதை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

2003ஆம் வருஷம். நான் வேலை பார்த்த கல்லூரி, பெயர் வேண்டாம், வட மாவட்டத்தில் ஒரு கலைக்கல்லூரி. எங்கள் அணி மாவட்ட லீக்கில் பி டிவிஷனில் ஒரு மேட்ச் கூடத் தோற்காமல் முதலிடம் வந்தது. அடுத்த சீசன் ஏ டிவிஷன். முதல்வர் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோரையும் மேடையேற்றினார். நானும் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு கணக்கை நான் போடவே இல்லை. முதலிடம் வந்தது மார்ச்சில். ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டு மூன்றாம் வருஷப் பையன்கள் ஐந்து பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருவன் கோல்கீப்பர், ஒருவன் சீசன் முழுக்க கோல் அடித்தவன். கல்லூரி அணிக்கு இது எப்போதும் உள்ள வியாதி. ஜெயித்த அணி வேறு, மேலே போய் ஆடப்போகிற அணி வேறு. இரண்டுக்கும் ஜெர்சி மட்டும்தான் ஒன்று.

இரண்டாவது, உடம்பு. ஏ டிவிஷனில் எதிரே நின்றவர்கள் போலீஸ், ரயில்வே, மின்வாரியம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள். 26, 28 வயது ஆட்கள். எங்கள் பையனுக்கு 18. பந்துத் திறமையில் எங்கள் பையன்கள் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் கார்னர் கிக் வரும்போது தோளோடு தோள் மோதினால் இவன்தான் விழுவான். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு முட்டை கூடுதலாக வாங்கித் தர நான் மூன்று மாதம் ஃபைல் நகர்த்தினேன். முட்டை வந்தபோது சீசன் முடியப்போகிறது.

மூன்றாவது, காலண்டர். கல்லூரிகளுக்கு இடையிலான பல்கலைக்கழகப் போட்டி என்றால் நாக்அவுட். நாலு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினால் முடிந்தது. பதினோரு நல்ல பையன்கள் போதும். லீக் அப்படி இல்லை. மாதக்கணக்கில் நடக்கும். நடுவில் செமஸ்டர் வரும், ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், ஒருவன் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி உட்காருவான், ஒருவனுக்கு அக்கா கல்யாணம். லீக்கில் ஜெயிப்பது பதினோரு பேர் இல்லை, பன்னிரண்டாவதில் இருந்து பதினெட்டாவது வரை இருக்கிறவர்கள். எங்களிடம் இருந்ததே பதினான்கு ஜோடி பூட்ஸ்.

முதல் மேட்ச் 9–0. நாங்கள்தான் பூஜ்யம். அதற்கப்புறம் 4–0, 5–1, 3–0. வரிசையாகச் சொன்னால் எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஒன்பது மேட்ச் கொண்ட லீக்கில் முதல் ஏழும் தோல்வி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். இது எங்கள் கல்லூரிக்கு மட்டும் வந்த கதை இல்லை. இந்தியக் கால்பந்தைக் கவனிக்கிறவர்களுக்குத் தெரியும். மிசோரத்தின் ஐஸ்வால் எஃப்.சி. 2015–16இல் முதன்முதலாக ஐ லீக்குக்கு ஏறியது. ஒன்பது அணிகளில் எட்டாவதாக வந்து கீழே இறங்க வேண்டிய நிலை. கோவா அணிகள் சில விலகிக்கொண்டதால் தப்பித்து இன்னொரு வருஷம் கிடைத்தது. அந்த 2016–17இல் மோகன் பகானை ஒரே ஒரு புள்ளியில், 37க்கு 36 என்று, பின்னுக்குத் தள்ளி சாம்பியன் ஆனார்கள்.

நம்மூரில் சென்னை சிட்டி எஃப்.சி. அதே 2016–17இல்தான் ஐ லீக்குக்கு வந்தது. பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த வருஷமும் எட்டாவது. யாரும் பயிற்சிக் கூடத்தைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. மூன்றாவது வருஷம், சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர், ஸ்பெயினில் இருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல், கூடவே நம்மூர்ப் பையன்கள். 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம், கடைசி மேட்ச். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்துவிட்டது. அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. இங்கே தோற்றால் கோப்பை அவர்களுக்கு. 3–1 என்று திருப்பி, 43 புள்ளிகளோடு, ஈஸ்ட் பெங்காலை விட ஒரே புள்ளி அதிகம் எடுத்து ஜெயித்தார்கள். நான் வீட்டில் டி.வி. முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன். இரண்டு வருஷம் எட்டாவதாக இருந்ததற்கும் அந்தக் கோப்பைக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறவன் நான். அந்த அணி பிறகு ஐ லீக்கிலேயே இல்லாமல் போனது தனிச் சோகம். அது பந்தாட்டத்தை விடப் பணம், நிர்வாகம் சம்பந்தப்பட்டது. இன்று அதற்குள் போகவில்லை.

பிள்ளைகளைப் பெரியவர்களோடு ஆடவிடுவதைப் பற்றிக் கால்பந்து சம்மேளனமே ஒரு வழி வைத்திருந்தது. இந்தியன் ஆரோஸ் என்று ஓர் அணி. 2017இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பையன்கள் பலரை அப்படியே ஐ லீக்கில் இறக்கினார்கள். கடைசி இடம்தான் வந்தது. ஆனால் அந்த அணிக்கு மட்டும் கீழே இறங்குவது கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். தோற்றாலும் தலைக்கு மேல் கத்தி இல்லை. அந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவரை நான் ஒருநாள் பார்த்துக் கைகொடுக்க வேண்டும்.

ஏனென்றால் எனக்கு அந்தப் புத்தி இல்லை. என் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. அதைப் பையன்கள் தலைக்கு மேலும் தொங்கவிட்டேன்.

எங்கள் லெஃப்ட் பேக் இந்த மலைப் பையன். ஜமுனாமரத்தூரில் இருந்து இன்னும் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அந்தக் காலத்தில் அவன் ஊருக்கு நாளைக்கு ஒரு பஸ். அதை விட்டால் நடைதான். நேற்று நாம் வேனில் வந்த கொண்டை ஊசி வளைவுகளில் நம்மில் நாலு பேர் வாந்தி எடுத்தோம். அவன் சின்ன வயதில் இந்த மேட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு ஓடியவன். 90 நிமிஷம் முடிந்ததும் மற்றவர்கள் தரையில் விழுவார்கள், அவன் போய் எல்லோருக்கும் தண்ணீர் எடுத்து வருவான். போலீஸில் சேர வேண்டும் என்பது அவன் கனவு. அவன் வீட்டில் முதல் சம்பளக்காரன் அவனாகத்தான் இருந்திருப்பான்.

எட்டாவது மேட்ச் 0–0. எதிரே ஒரு துறை அணி, எங்களை விட எல்லாவற்றிலும் பெரியவர்கள். அன்று அவர்களுடைய ரைட் விங் ஆளை இவன் ஒரு அடி நகரவிடவில்லை. அந்த சீசனில் நாங்கள் வாங்கின முதல் புள்ளி. கோப்பை வாங்கியது போலக் குதித்தோம். ஆனால் கடைசிப் பத்து நிமிஷத்தில் அவன் முழங்கால் முறுக்கிக்கொண்டது. ராத்திரிக்குள் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

கடைசி மேட்ச் எங்களுக்கு மேலே இருந்த அணியோடு. அவர்களுக்கு மூன்று புள்ளி, எங்களுக்கு ஒன்று. ஜெயித்தால் நாலு, ஏ டிவிஷனில் தங்கலாம். இல்லையென்றால் கீழே. ஐந்து நாள்தான் இடைவெளி. வீக்கம் வடிந்திருந்தது. "ஆட முடியுமாப்பா?" என்று கேட்டேன். "முடியும் சார்" என்றான். பயிற்சியாளன் கேட்டால் எந்தப் பையன் முடியாது என்று சொல்வான்? அது கேள்வியே இல்லை என்று தெரிந்துதான் கேட்டேன். என் கையாலேயே கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினேன். அவன் இடத்தில் ஆட வேண்டிய முதல் வருஷப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

60ஆவது நிமிஷம் வாக்கில் திரும்பும்போது கால் மடங்கியது. யாரும் இடிக்கவில்லை. 2–1 என்று தோற்றோம். பி டிவிஷனுக்குத் திரும்பினோம். அடுத்த வருஷம் போலீஸ் உடற்தகுதித் தேர்வில் ஓட்டத்தில் அவன் பாதியில் நின்றுவிட்டான்.

கல்லூரியில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோற்றதற்கு மட்டும் கேட்டார்கள்.

இந்த மலைக்குச் சுற்றுலா என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும் நான் இரண்டு நாள் பெயர் கொடுக்காமல் இருந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். காரணம் இதுதான். பிறகு பழைய மாணவர் ஒருவர் மூலம் அவன் நம்பர் கிடைத்தது. நேற்று சாயங்காலம் நீங்கள் எல்லாம் சந்தையில் சாமை அரிசியும் தேனும் வாங்கிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவரோடு நான் பேசிக்கொண்டிருந்தேனே, அவர்தான். இப்போது 40 தாண்டிவிட்டது, அவன் இவன் என்று சொல்லக்கூடாது. சாமை விதைக்கிறார், மாடு வைத்திருக்கிறார். மாடிப்படி இறங்கும்போது மட்டும் கால் வலிக்கும் என்றார். பிறகு அவரே, "எங்க ஊர்ல மாடிப்படி ஏது சார்" என்று சிரித்தார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். வார்த்தையை எடுப்பதற்குள் அவர், "சார், அந்த ஜீரோ ஜீரோ மேட்ச் ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரம் அந்த ஒரு மேட்ச்தான். யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், மழை எப்போது பிடித்தது, எல்லாம் சொன்னார். ஏ டிவிஷனுக்குப் போயிருக்கவே கூடாதா என்று கேட்டேன். "போகலேன்னா அந்த மேட்ச் எங்கே சார் கிடைச்சிருக்கும்?" என்றார். நான் சொல்ல நினைத்ததைக் கடைசியில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பொடியனை இறக்கியிருக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான்.

எனவே தீர்மானத்துக்கு நான் ஆதரவாகத்தான் கை தூக்குவேன். ஆனால் சில விஷயங்களை மினிட்ஸில் எழுதிக்கொண்டு தூக்குவோம். 18 பிள்ளைகளாவது சேர்ந்தால்தான் லீக்குக்குப் பெயர் கொடுப்பது. இப்போது 13 பேர்தான் இருக்கிறார்கள். கீழ்த்தளத்துச் செக்யூரிட்டி அண்ணனின் இரண்டு பையன்களும் நன்றாக ஆடுகிறார்கள். அவர்கள் குடியிருப்போர் பட்டியலில் இல்லை என்று ஒரு குரல் கேட்டது. அதை நான் கேட்காத மாதிரி விட்டுவிடுகிறேன், அடுத்த மாதம் வரை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு வண்டி எடுக்க எட்டு அப்பா அம்மாக்கள் வேண்டும். முதல் வருஷம் எத்தனை தோற்றாலும் அணியைக் கலைப்பதில்லை, வெளியில் இருந்து ஆள் பிடிப்பதில்லை. அடிபட்ட பிள்ளை ஆடலாமா என்பதை டாக்டர் சொல்வார். கோச் சொல்லக் கூடாது, அப்பா சொல்லக் கூடாது, தாத்தா கண்டிப்பாகச் சொல்லக் கூடாது.

இன்னொன்று. இன்று மூன்று மணிக்கு அவர் ஊர்ப் பிள்ளைகளை ஜமுனாமரத்தூர்ப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டி வருகிறார். ஞாயிறுதோறும் அவர்தான் அவர்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறார். நம் பிள்ளைகளோடு ஒரு மேட்ச். மைதானம் ஒரு பக்கம் சரிவு, அது அவர்களுக்குப் பழக்கம். அவர்கள் வெறுங்காலில் ஆடுவார்கள், ஆகவே நம்மவர்களும் ஸ்டட்ஸ் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். பீமன் அருவிக்குப் போகிறவர்கள் இரண்டரைக்குள் திரும்பி வந்தால் வேன் உங்களை நேரே மைதானத்தில் இறக்கிவிடும். எண்ணெய், பேண்டேஜ் எல்லாம் என் பையில் இருக்கிறது. எடுக்கும்படி இருக்காது என்று நம்புகிறேன்.